ஏறுகிற வண்டிக்கு வழி

எங்கள் உறவில் ஒரு கதை உலவுகிறது. கொழுந்தனுக்குக் கூடிவந்த நல்ல சம்பந்தத்தை மலைச் சாலையில் காரை நிறுத்தி முறித்தவள் நான் என்று கலியாண வீடுகளில் சொல்கிறார்கள். என் காதில் விழாது என்பது அவர்கள் நினைப்பு. காரை நிறுத்தியது உண்மை; மற்றதை நான் ஒப்பவில்லை. ஆகவே நடந்ததை என் கையாலேயே எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவே ஓர் ஐப்பசி; தீபாவளி கழிந்த வாரம். எங்கள் வீடு கிழக்குப் பாலக்காட்டில், நெல்லும் நிலக்கடலையும் விளையும் பக்கம். அங்கிருந்து மலையேறிப் போய், சித்திரபுரத்துக்கு அருகே ஏலம் பயிரிட்டு நிலைத்துவிட்ட ஒரு குடும்பத்தில் கொழுந்தனுக்குப் பெண் பார்க்க நாள் குறித்திருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போன டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நாளை மாற்ற மாமியார் இசையவில்லை. என் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். கோயமுத்தூரில் பி.ஏ. படித்த காலத்திலேயே என் தந்தையார் கற்பித்து லைசென்சும் எடுத்துக் கொடுத்திருந்தார். ஆயினும் புகுந்த வீட்டில் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் அப்பால் நான் ஓட்டியதில்லை.

மாமனார் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"போய்ட்டு வா அம்மிணி. ஆனா நீ வண்டி ஓட்டறத வெச்சு அங்க ஒரு பேச்சு வந்துதுன்னா, இந்தச் சாவிய மறுபடி நீ தொடப்படாது."

"சரிங்க மாமா" என்றேன்.

விடியலில் புறப்பட்டோம். பின்சீட்டில் மாமியாரும் கொழுந்தனும். என் பக்கத்தில் கணவர். உடுமலை தாண்டிக் காடு தொடங்கியதும் கொழுந்தன் உற்சாகமானான்.

"அண்ணி, முன்னால போற பஸ்ஸத் தாண்டுங்க. அந்த டிரைவர் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கோணும்."

"பொண்ணு மூஞ்சியப் பாக்க வந்தவன் பஸ் டிரைவர் மூஞ்சியப் பாக்கோணுங்கறான்" என்றார் மாமியார். நான் தாண்டினேன். டிரைவரின் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

மறையூருக்கு மேல் வானம் தெளிந்தது. மழை கழுவிவிட்ட தேயிலைச் சரிவுகள், பாறைதோறும் வெள்ளி இழையாக நீர், வளைவுக்கு வளைவு எழுந்து கலையும் மூடுபனி. ஒரு பங்களா வாசலில் துரைமார் நட்டுவிட்டுப் போன சீமை மரம் ஒன்று செம்பு நிறத்தில் இலையுதிர்த்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் இலையுதிர் காலத்தை நான் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தவள். "அசல் சீமையாட்டவே இருக்குது" என்றார் கணவர். அவரும் சீமையைக் கண்டதில்லை. இம்மலையை வேறொரு தேசத்தின் சாயல் என்று சொல்ல அன்றும் எனக்கு மனமில்லை, இன்றும் இல்லை. அந்த ஒற்றை மரம்தான் சீமை. மலை எங்களுடையது.

சித்திரபுரம் கடந்து, பெரிய சாலையிலிருந்து பிரிந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறும் மண்பாதையில் திரும்பினேன். ஒரு வண்டிக்கு மட்டுமே இடமுள்ள பாதை. பள்ளத்துப் பக்கம் மழையில் கரை அரித்திருந்தது. கொண்டையூசி வளைவு ஒன்றை முடித்து நிமிர்ந்தபோது எதிரே ஜீப் ஒன்று இறங்கி வந்து நின்றது. எங்களை எதிர்கொண்டு அழைத்துப்போக வந்த பெண்ணின் தாய்மாமன் அதை ஓட்டிவந்திருந்தார். கையைப் பின்னுக்கு அசைத்துக் காட்டினார். நான் அசையவில்லை. அவர் இறங்கி வந்து கணவரிடம் குனிந்தார்.

"வாங்க வாங்க. டிரைவர் இல்லீங்களா?"

"சம்சாரந்தானுங்க ஓட்டிட்டு வராங்க."

அவர் சிரித்தார். "அப்படீங்களா! அம்மிணிக்கு ரிவர்ஸ் வராதுன்னா எறங்கிக்கச் சொல்லுங்க. நானே எடுத்துக் குடுக்கறேன்."

"ரிவர்ஸ் வருமுங்க" என்றேன் நான். "ஆனா மலையில ஏறுற வண்டிக்குத்தானுங்க வழி. ஜீப்புக்குப் பின்னால ஒதுங்க எடமும் இருக்குதுங்க."

உண்மையில் இருந்தது. ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்கு முன்னால் அகலமான களம். அவர் சிரிப்பு நின்றது.

"நல்ல காரியத்துக்கு எதிர்கொண்டு வந்தவன் பின்னால போனா சகுனத்தடைங்க. எங்க பொண்ணுக்கு ஆகாது."

கணவர் என் காதருகே, "கொஞ்சம் விட்டுக் குடுத்துரேன். பொண்ணு ஊட்டுக்காரங்க" என்றார். கரை அரித்த வளைவில், வீட்டார் மூவரையும் வைத்துக்கொண்டு பின்னால் எடுப்பதா? அதுவும் அந்தச் சிரிப்புக்காக? எஞ்சினை அணைத்துக் கை பிரேக்கை இழுத்தேன். பின்சீட்டில் மாமியார் கண்ணாடியை இறக்கினார்.

"எங்க பையனுக்கும் இது நல்ல காரியந்தானுங்களே? எங்க வண்டியும் பின்னால போகப்படாதுங்க."

மேலே வீட்டு வாசலிலிருந்து பெண்ணின் தகப்பனார் துண்டை வீசிக் கூவினார். "ஏப்பா, காப்பி ஆறுது. ஜீப்பப் பின்னால எடு!"

அவர் எடுத்தார். நாங்கள் ஏறினோம்.

பெண் நல்ல பெண். அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. காபித் தட்டை வைத்துவிட்டு ஜன்னல் வழியே எங்கள் காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் தாய்மாமன் சபையிலே சொன்னார்: "எங்க பொண்ணு இந்த அம்மிணிக்குக் கீழ வந்து வாழோணும். அவங்க ஒரு வார்த்த தப்புன்னு சொல்லட்டும், மேக்கொண்டு பேசலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஏறுற வண்டிக்கு வழிங்கறது உங்க மலை வழக்கமுங்க. அதை மதிச்சதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேனுங்க" என்றேன். சம்பந்தப் பேச்சு அதோடு நின்றது. ஒரு சொல்லுக்கு உடையும் சம்பந்தத்தை உடைக்க நான் எதற்கு?

உடுமலையில் உறவினர் வீட்டில் தங்கி மறுநாள் முற்பகல் வீடு சேர்ந்தோம். தாய்மாமன் போனில் போட்ட டிரங்க்கால் எங்களை முந்தியிருந்தது. மாமனார் கார் ஷெட்டின் முன்னே நின்றிருந்தார். சாவிக்குக் கையை நீட்டினார்.

நான் சாவியைக் கொடுக்கவில்லை. "வெள்ளிக்கெழம அத்தையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க மாமா" என்றேன்.

காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மாமியார் முந்தானையை உதறிச் செருகினார். "ஆமாங்க, போகோணும். நம்மூட்டு வண்டி மலையில ஒரு அடி பின்னால போகுலீங்க."

மாமனார் நீட்டிய கை மீசைக்குப் போனது. அதைத் தடவிக்கொண்டு இறங்கியது. வெள்ளிக்கிழமை நான்தான் ஓட்டினேன்.