மஞ்சள் கொடி தொங்காத நாள்

மூங்கில் கூடையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவியும், இஞ்சி மிதக்கும் வினிகரின் வாசமும் சேர்ந்தால் எனக்கு இன்றும் வாயூறும். கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும். சிரம்பான் பட்டணத்தின் தெமியாங் பகுதியில் ஒரு சீனர் கடை. மதிய "செட்" என்றால் ஆறு டம்ப்ளிங், ஒரு கிண்ணம் சூப், ஒரு குவளைச் சீனத் தேநீர். மலிவு, வயிறும் நிறைந்துவிடும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதற்குப் பெயர் "சீனக் கொழுக்கட்டை".

தோட்டத்து லோரி ஓட்டிய அப்பா, இறந்துபோன தம் தாயாருக்காக அமாவாசைதோறும் விரதம் இருப்பார். அன்று பள்ளி விட்டதும் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சிரம்பான் கோயிலுக்குப் போவார். சாமி கும்பிட்ட பிறகுதான் அவருக்குச் சாப்பாடு, அதுவும் சுத்த சைவம். சீனர்களின் மாதப் பிறப்பும் அமாவாசையை ஒட்டியே வருமாதலால், அன்று அந்தக் கடையில் இறைச்சி கிடையாது. வாசலில் மஞ்சள் கொடியைத் தொங்கவிட்டு, முட்டைக்கோசும் காளானும் வைத்துச் செய்வார்கள். கொடி நெற்றியில் இடிக்காமலிருக்க, நெட்டையான அப்பா குனிந்துதான் உள்ளே வருவார். சில மாதம் மட்டும் இரண்டு கணக்கும் ஒரு நாள் முன்பின்னாகிவிடும். அப்போது வாழையிலைக் கடைதான். வீட்டில் தினமும் தின்கிற சோற்றுக்காகவா நான் மாதம் முழுக்கக் காத்திருந்தேன்!

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா மோட்டாரை நிறுத்திக்கொண்டே கேட்டார்: "கொடி தொங்குதா பாரு பாப்பா!"

வாசல் வெறுமையாக இருந்தது. உள்ளே ஆவி பறந்தது.

"தொங்குதுப்பா!"

அப்பா வந்தார். வழக்கம்போல, இல்லாத கொடிக்காகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

இரண்டு விரலைக் காட்டினேன். வேலையாள் இரண்டு செட் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். முதல் டம்ப்ளிங்கைக் கடித்த அப்பாவின் வாய் அப்படியே நின்றது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த முதலாளியம்மா பதறி ஓடிவந்தார். "அலாமா! ஹாரி இனி பாபி லா!" இன்றைக்குப் பன்றி இறைச்சியாம், நாளைக்குத்தான் சைவமாம். அப்பா எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். நாள் பார்த்ததில் தம்முடைய தப்புத்தான் என்று அந்த அம்மாவிடம் மலாயில் சொன்னார். பிறகு தம் தட்டையும் என் பக்கம் நகர்த்தினார்.

"நீ சாப்பிடு பாப்பா. வீணாக்காத."

இரண்டு தட்டையும் தின்று தீர்த்தேன். ருசியாகத்தான் இருந்தது. அப்பா அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கடைசிவரை கேட்கவும் இல்லை. நாலு அறை விட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அந்தக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். நீலாயில் என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டம்ப்ளிங் கடை வந்திருக்கிறது, மதிய செட்டும் உண்டு. அமாவாசை தவிர மற்ற நாட்களில் நானும் போகிறேன். அமாவாசையன்று அடுக்களை ஜன்னலோரம் அப்பாவுக்குச் சோறு வைக்கிறேன். காக்கையைக் கூப்பிடுமுன், ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லிவிடுகிறேன்:

"அன்னைக்குக் கொடி தொங்கலப்பா."