நான் தங்காத நாடு

கடிதம் வந்தபோது மணி காலை ஆறு நாற்பது. என் மனைவி சாப்பாட்டு மேசையருகே தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கண்புரை அறுவை முடிந்து அன்று பதினோராவது நாள். கனடாவில் மகள் வீட்டிலிருந்து நாங்கள் திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை வீட்டுக்கு நான்கு மாதத்துக்கு வந்திருந்ததே அதற்காகத்தான். ஒரு சொட்டு மருந்து விட்டு, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் மின்னஞ்சல் வந்தது.

கனடாவின் குடியுரிமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. என் பழைய பாஸ்போர்ட்டின் பதினேழாம் பக்கத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தின் குடியிருப்பு அனுமதி ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில், வேறு நாட்டில் எனக்கு இருந்த குடியேற்ற நிலை பற்றிய கேள்விக்கு நான் இந்தியாவை மட்டும் எழுதியிருக்கிறேன். இதற்கு முப்பது நாட்களுக்குள் விளக்கமும் ஆவணமும் தர வேண்டும். கடைசிப் பத்தியில், உண்மையை மறைத்தால் என்ன நடக்கும் என்று மூன்று வரிகள். நான்கு நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. அதே வாசகம், மனைவியின் பெயரில்.

"அடுத்த சொட்டு விடலியா?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

மணி ஆறு ஐம்பத்தொன்று ஆகியிருந்தது. அறுவைக்குப் பிறகு ஒரு வேளை மருந்து நேரம் தவறியது அதுதான் முதல் தடவை.

நான் மாநிலப் புள்ளிவிவரத் துறையில் முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவன். கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் யார் யாரை அந்த வீட்டுக்காரராக எழுத வேண்டும் என்பதுதான் முதல் பாடம். ஆளிடம் என்ன சீட்டு இருக்கிறது என்று கேட்காதே, எத்தனை நாள் தங்கினான் என்று கேள் என்பேன். ரேஷன் கார்டில் பெயர் இருக்கும், ஆள் எட்டு வருடமாகச் சென்னையில் இருப்பான். தங்குகிறவன்தான் குடியிருப்பவன். இதை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. நான் கணக்கு வைக்காத சிலவற்றில் அது ஒன்று.

துபாயில் நான் தங்கியது நாற்பத்தொரு நாள். மகன் அங்கே வேலையில் இருந்தபோது எங்கள் இருவரையும் தன் பேரில் குடியிருப்பு விசாவில் சேர்த்தான். ஒவ்வொரு தடவையும் வருகை விசாவுக்கு எழுதிப் போட வேண்டாமே, ஆஸ்பத்திரிக்கும் காப்பீடு கிடைக்குமே என்று நினைத்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த விசா செத்துப்போகும். அதனால் ஆறு மாதம் முடிவதற்குள் ஒரு நடை போய்வர வேண்டும். திருவனந்தபுரத்து விமானத்தில் எங்களைப் போல எத்தனையோ தகப்பன்மார், தாய்மார். கையில் மாத்திரைப் பை, மடியில் பலகாரப் பொட்டலம். போய் நாலு நாள் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். ஒருமுறை பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம், "சாரும் விசாவுக்கு உயிர் குடுக்கத்தானா?" என்று கேட்டார். நாங்கள் போனது ஆறு தடவை. ஒன்பது, ஆறு, ஏழு, ஐந்து, எட்டு, ஆறு. கூட்டினால் நாற்பத்தொன்று.

கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்கு மகள் எங்களுக்காக விண்ணப்பித்தபோது அந்தப் படிவம் என் பாடத்தையே கேட்டது: வேறு நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்ததுண்டா? இல்லை என்று எழுதினேன். அது சரியான பதில். பிறகு துபாய்ப் பக்கம் போகவில்லை. விசா தானாகவே முடிந்தது. கனடாவில் ஆயிரத்து நூற்று அறுபத்துமூன்று நாள் இருந்த பிறகு குடியுரிமைக்கு எழுதினோம். தேவை ஆயிரத்துத் தொண்ணூற்றைந்துதான். கையில் அறுபத்தெட்டு நாள் மிச்சம் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். இரண்டு பேருக்கும் படிவத்தை நிரப்பியவன் நான்.

அந்த இரண்டாவது படிவம் நாள் கேட்கவில்லை. வேறு நாட்டில் உங்களுக்கு ஏதாவது நிலை இருக்கிறதா, எப்போதாவது இருந்ததா என்று மட்டும் கேட்டது. சீட்டு இருந்ததா என்று கேட்டதற்கு, தங்கவில்லை என்று பதில் எழுதியிருக்கிறேன்.

கடிதத்தை அன்று ஏழு தடவை படித்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று எங்கோ படித்திருந்தேன். எனக்கு எழுபத்துநான்கு. ஐந்தைக் கூட்டினால் எழுபத்தொன்பது. வசிப்புரிமையே போய்விடலாம் என்றும் படித்திருந்தேன். அங்கே மகள் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறாள். பேத்திக்கு ஏழு வயது. பள்ளியிலிருந்து வந்தால் கதவைத் திறந்துவிட எங்களை விட்டால் ஆள் கிடையாது. திரும்பிப் போக டிக்கெட் எடுத்திருந்தது கடிதம் வந்த நாளிலிருந்து நாற்பத்துமூன்றாவது நாள். விமான நிலையத்தில் அதிகாரி எங்களைத் தனியே நிறுத்துவதும், கறுப்புக் கண்ணாடியோடு இவள் என் முகத்தைப் பார்ப்பதும் பகலிலேயே எனக்குத் தெரிய ஆரம்பித்தன. கைபேசி மணியொலியை அடக்கிவைத்தேன். பிறகு அது ஒலிக்காமல் இருப்பதே பயமாக இருந்தது. கால் மணிக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவளே கேட்டாள். "பிரஷர் மெஷின இன்னைக்கு நாலு தடவ கையில கட்டியாச்சு. என்ன காரியம்?"

சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் அன்னைக்கே கேட்டேன்லா? அவன் விசா உண்டே, அத எழுதண்டாமான்னு. நாப்பத்தொண்ணு நாளு இருந்தா அது ஒரு தாமசமான்னு என்னைய மடக்குனிய."

அது உண்மை. நான் அதை மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மறுநாள் சாலைக் கடைவீதிக்குப் போனேன். வளைகுடாப் படிவங்கள் நிரப்பித் தருகிற திருநெல்வேலிக்காரர் ஒருவர் அங்கே சின்னக் கடை வைத்திருக்கிறார். மகன் எங்களுக்கு விசா எடுத்தபோது சான்றிதழ்களையெல்லாம் சரிபார்த்துக் கொடுத்தவர். கடிதத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"விசிட் விசான்னு எழுதிருவோம் சாரே. ஒட்டுனது அரபியிலதான இருக்கு. அவன் என்ன ஓதவா போறான்?"

"கீழ இங்கிலீஷிலயும் இருக்கு அண்ணாச்சி."

"இருக்கா?" பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அப்பம் சிக்கல்தான். இத ஸ்கேன் பண்ணி அனுப்புனது ஆரு?"

"நாந்தான். முப்பத்தாறு பக்கமும். வெறும் பக்கத்தையும் சேத்து."

"வெறும் பக்கத்தையும் அனுப்பிச்ச ஆளு, எழுதுன பக்கத்த விட்டுட்டீரு," என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் வழியில் வெயிலுக்கு ஒரு துணிக்கடை வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து ஒருவர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

மகன் தொலைபேசியில் வேகமாகத் தீர்ப்புச் சொன்னான். "அப்பா, மறந்துபோச்சுன்னு எழுதுங்க. வயசான ஆளு, மறந்துட்டாரு. அவ்வளவுதான். விசா கேன்சல் ஆன பேப்பர் நான் எடுத்து அனுப்புகேன்." இரண்டு நாளில் அனுப்பியும் விட்டான். அதில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் இருந்தன. அதைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. தேதி இருந்தால் எனக்குத் தெம்பு வரும்.

மகளோ, "வெறுதே டென்ஷன் ஆகாதிய அப்பா. உள்ளத எழுதுங்க. ஆனா அம்மைக்க லெட்டர் தனி, உங்க லெட்டர் தனி. அம்மா சொந்தமா சொல்லணும், அம்மாவே ஒப்பும் போடணும்," என்றாள்.

என் கடிதத்தை முதலில் எழுதினேன். மகன் சொன்னபடியே, வயதின் காரணமாக அந்த விசா நினைவில் இல்லாமல் போயிற்று என்று எழுதினேன். பதினான்கு வரி. படித்துப் பார்த்தபோது மரியாதையாகவும் பாவமாகவும் இருந்தது. பிறகு மனைவியைச் சொல்லச் சொல்லி, அதை ஆங்கிலத்தில் தட்டினேன். டாக்டர் அவளைத் திரையைப் பார்க்க வேண்டாம் என்றிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். மகன் விசா எடுத்தது, ஆறு தடவை போனது, ஒரு தடவை அங்கே ஆஸ்பத்திரியில் விசாவோடு கிடைத்த அடையாள அட்டையைக் காட்டியது, எல்லாம் சொன்னாள். ஏழாவதாக ஒரு வாக்கியம் சொன்னாள்: "படிவம் நிரப்பும்போது இத எழுதணுமான்னு என் வீட்டுக்காரர்ட்ட கேட்டேன். வேண்டாம்னு சொன்னாரு."

என் விரல் நின்றது. அவள் பார்க்கவில்லை. நான் அந்த வாக்கியத்தை மட்டும் தட்டாமல், அடுத்ததற்குப் போனேன். அந்த வரி அங்கே போய்ச் சேர்ந்தால் நான் தெரிந்தே மறைத்தவன் ஆகிவிடுவேன் என்று நினைத்தேன். நான் மாட்டினால் அவளும் மாட்டுவாள் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இனி வாசிச்சுக் காட்டுங்க. தமிழ்ல," என்றாள்.

வாசித்தேன்.

"ஒண்ணு கொறையுதே."

"எது?"

"நான் சொன்னது ஒம்பது. நீங்க வாசிச்சது எட்டு." நாற்காலிக் கைப்பிடியில் அவள் கை இருந்தது. விரல் மடக்கி எண்ணியிருக்கிறாள். நாற்பத்தேழு வருடம் என்னோடு இருந்தவள் அதையும் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அத எழுதினா நான் வேணும்னு மறைச்ச மாதிரி ஆகும்."

"வேணும்னு மறைச்சியன்னு நான் சொல்லலியே. கேட்டேன்னுதானே சொல்லுகேன். நாளைக்கு அங்க ஒரு ஆபீசர் கூப்பிட்டு, அம்மா உனக்குத் தெரியுமான்னு கேட்டா, நான் என்ன சொல்லுவேன்? தெரியும்னுதான் சொல்லுவேன். எனக்குப் பொய் சொன்னா மொகத்துல தெரியும். இந்தக் கண்ணாடியும் அப்ப இருக்காது."

திரையில் இருந்த எட்டையும் நான் ஒருமுறை எண்ணினேன். அவள் மறுபடி, "உங்க கடுதாசியில என்ன எழுதிருக்கிய?" என்று கேட்டாள்.

அதையும் தமிழில் வாசித்தேன். நினைவில் இல்லை என்ற இடம் வந்தபோது அவள், "மறந்துட்டியளா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு கடிதங்களும் ஒரே அதிகாரியின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் நான் மறந்தவன், இன்னொன்றில் அவள் கேட்டதற்கு வேண்டாம் என்று சொன்னவன். கடிதம் வந்த நாளிலிருந்து நான் பயந்த எதைவிடவும் அது எனக்குப் பயமாக இருந்தது. அவளுடைய ஏழாவது வாக்கியத்தைச் சேர்த்தேன். என்னுடைய பதினான்கு வரியையும் அழித்தேன்.

புதிதாக எழுத இரண்டு நாள் ஆயிற்று. அந்த விசா எனக்கு நினைவிருந்தது என்று எழுதினேன். மனைவி கேட்டாள் என்று எழுதினேன். நாற்பத்தொரு நாளை ஆறு வரியாகப் பிரித்து எழுதி, தங்காதவன் குடியிருப்பவன் அல்ல என்பது என் பழைய வேலையின் விதி, அந்த விதியை உங்கள் கேள்விக்கும் போட்டுவிட்டேன், கேள்வி வேறு என்று இப்போது புரிகிறது என்று எழுதினேன். என் மனைவியின் படிவத்தை நிரப்பியதும் நான்தான், அவள் சொன்னதைக் கேட்காமல் விட்டதும் நான்தான், தண்டனை உண்டென்றால் அவளை அதில் சேர்க்க வேண்டாம் என்று முடித்தேன். மகள் அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "கடைசி வரி வேணுமா அப்பா?" என்றாள். வேண்டும் என்றேன்.

கடிதம் வந்த பதினாறாவது நாள், காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு இரண்டையும் அனுப்பினோம். மகன் தந்த தாளும், ஆறு பயணத்தின் முத்திரைப் பக்கங்களும் சேர்த்து மொத்தம் இருபத்துமூன்று பக்கம். பெற்றுக்கொண்டோம் என்று இயந்திரம் ஒரு பதில் போட்டது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

இதை எழுதுகிற இன்று முப்பத்தொன்பதாவது நாள், விமானத்துக்கு இன்னும் நான்கு. அவர்களுடைய இணையப் பக்கத்தில் எங்கள் இரண்டு பெயருக்கும் எதிரே, பரிசீலனையில் என்று இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். இன்று இதுவரை மூன்று. பயம் போகவில்லை. விமானத்திலிருந்து இறங்கி, இரண்டு பேரும் ஒன்றாக அந்தக் கண்ணாடிக் கூண்டின் முன்னால் நிற்கும்வரை அது போகாது. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் இப்போது யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்வோம்.

உள்ளே அவள் பெட்டி அடுக்குகிறாள். பேத்திக்கு நேந்திரங்காய் வறுவல் நான்கு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறாள். அங்கே நம்மை விடுவார்களா என்று ஒருமுறைகூட அவள் கேட்கவில்லை. சற்றுமுன் கதவருகே வந்து, "எடை பாக்க வாருங்க. இருபத்துமூணு கிலோவுக்கு மேல போயிரப்பிடாது," என்றாள்.

எழுந்து போகிறேன்.