மேரி வானத்தில் இருந்த நேரம்

சவரிமுத்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி இருதயமேரி நர்ஸ். 1984இல் அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. மீனம்பாக்கத்தில் ஏறிப் பம்பாயில் இறங்கி, அங்கிருந்து வேறு விமானம். வழியனுப்பப் போக அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மேரியின் அண்ணன்தான் கூடப் போவதாக ஏற்பாடு.

டிக்கெட் வாங்கிய இடத்திலேயே அவன் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தான். பம்பாய்க்கு ஆகாய வழியில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரம்.

"நான் ஒரு வாரம் பூரா ஓட்டுற தூரம் மேரி அது. நீ ஜல்தியா போய் எறங்கிடுவே," என்றான், புறப்படுகிற அன்று விடியற்காலையில்.

"பயமா கீதுங்க."

"பத்தரைக்கு நீ கெளம்புவே. பத்தேகாலுக்கு நான் வண்டி எடுப்பேன். பன்னண்டேகாலுக்கு நீ எறங்குற வரைக்கும் நானும் ஓட்டிக்கினுதான் இருப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணா போறோம்னு நெனச்சிக்கோ."

மேரி அவன் காக்கிச் சட்டையின் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

அன்று திண்டிவனம் போய்த் திரும்பும்போது, விக்கிரவாண்டி அருகே மணி பன்னிரண்டேகால் ஆனது. சவரிமுத்து வண்டியை ஓரங்கட்டி, சிலுவைக்குறி போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

"இன்னாப்பா, பஞ்சரா? ஒரே பேஜாரா போச்சு," என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

கண்டக்டர் முருகையனுக்கு விஷயம் தெரியும். "அண்ணன் சம்சாரம் ஏரோப்ளேன்ல போறாங்க. இப்பதான் பம்பாயில எறங்குறாங்க. ரெண்டு நிமிஷம் பொறுங்க."

கத்தியவர் அடங்கிவிட்டார். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மேலே பார்த்துக் கும்பிட்டாள். "மேல்மலையனூர் தாயி, அந்தப் பொண்ண பத்திரமா எறக்கி விடும்மா."

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. "விமானம் மூணு மணி நேரம் லேட்டு. பன்னண்டேகாலுக்கு நான் மீனம்பாக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தேன். கடியாரத்தைப் பாத்தேன். நீங்க விக்கிரவாண்டிகிட்ட வந்திருப்பீங்கன்னு நெனச்சப்புறம்தான் வயித்துல இட்லி எறங்குச்சு."

டீக்கடை பெஞ்சில் அதைப் படித்த சவரிமுத்து வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அவள் நிஜமாகவே பறந்த நேரத்தில் அவன் சாப்பிட்டுவிட்டு டெப்போவில் தூங்கியிருக்கிறான். அது அவனை ரொம்ப நாள் உறுத்தியது.

மூன்று வருஷம் கழித்து மேரி திரும்பி வந்தாள். இந்தத் தடவை ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து லீவு வாங்கி, மீனம்பாக்கத்தில் போய் நின்றான். வெளியே வந்தவள் இளைத்திருந்தாள்.

"சாப்டீங்களா?" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டியதும் அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"எறங்கும்போது காது அடைச்சிக்கிச்சு. கீழ பாத்தேன். ரோடு நூலு மாதிரி இருந்துச்சு. அதுல ஒரே ஒரு பஸ்ஸு போச்சு. யாரு ஓட்டுறாங்களோ, அவுங்க வூட்டுல யாரு காத்துக்கினு இருக்காங்களோன்னு நெனச்சேன்."

சவரிமுத்து ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.