உதடு அசைந்ததற்கு ஒரு விசாரணை

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, பரீட்சையின் நடுவில் ஜெபம் செய்ததற்காக என் பட்டமே கையைவிட்டுப் போகவிருந்தது.

கொரோனா இரண்டாம் அலை சமயம். மண்ணூரில் ஒற்றை அறை வாடகை வீடு. கணவர் செல்வினுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. எனக்கு எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர். மகள் ஜெனி ஐந்து மாதக் குழந்தை.

பரீட்சை கைபேசியில்தான். முன்கேமரா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எழக்கூடாது, திரும்பக்கூடாது, பேசக்கூடாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சு. பஸ் அலைச்சல் மிச்சம் என்று சிலருக்குச் சந்தோஷம். காப்பி அடிக்கிறவன் எப்படியும் அடிப்பான், நமக்குத்தான் நடுக்கம் என்று சிலருக்கு வருத்தம். "நெட்டு கட்டானா மார்க்கும் கட்டுடி" என்று என் தோழி மலர் எழுதினாள். வீட்டுக் கஷ்டத்தால் அவள் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலையில் சேர்ந்து, பென்னலூர் விடுதியில் தங்கிப் படித்தாள்.

பரீட்சையன்று செல்வின் வேலைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு சாந்தி அக்கா வந்தார். "நீ எய்துமா. பாப்பாவ நான் வச்சிக்கினு இருக்கேன். இன்னா, ஓடியா பூடப் போறா?" என்று தூக்கிச் சென்றார்.

பாதிப் பரீட்சையில் ஜெனி அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம், மூச்சு முட்ட முட்ட அழுதாள். எனக்குப் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்தது. எழுந்தால் பரீட்சை மூடிக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தேன். நானெல்லாம் ஒரு தாயா?

"ஆண்டவரே, அவளைத் தூங்க வையும்" என்றேன். மறுபடி மறுபடி அதையே சொன்னேன். அழுகை நின்றது. அதே நேரம் திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்தது. பேச்சுக்குரல் கேட்டதாம்.

என் பரீட்சை முடிவை நிறுத்தி வைத்தார்கள். மலருடையதையும். அவளுக்குப் பின்னால் ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்களின் குரல் பதிவாகியிருந்தது.

"கேள்விய வாய்விட்டுப் படிச்சேன்னு சொல்லுடி. ஜெபம்னா சிரிச்சே சாவாங்க" என்றாள் மலர்.

செல்வின் தூத்துக்குடிக்காரர். "உள்ளதச் சொல்லிரு பிள்ள. ஆண்டவரு பாத்துக்கிடுவாரு" என்றார்.

எனக்கு எதிலும் நிச்சயமில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு இதில் ஏன் மாட்டிவிட்டீர் என்று ஆண்டவரிடம் அழுதேன். நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஒரே ஒருவரைத் தாரும் என்று மன்றாடினேன்.

விசாரணையும் வீடியோவில்தான். ஒரு மேடம், ஒரு சார்.

"யார்கிட்ட பேசுன?"

"ஆண்டவர்கிட்ட, சார்."

"அப்ப ஆன்சர் அவர் சொன்னாரா?" என்று சார் சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. பதிவைச் சத்தமாக ஓடவிட்டார். குழந்தையின் அழுகை. அதற்கடியில் என் குரல்.

"குழந்தை பக்கத்துலயா இருந்துச்சு?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம், மேடம்."

"போய் குழந்தையத் தூக்கிக்கோம்மா. ரிசல்ட்ட விடச் சொல்றேன்."

கைபேசியை வைத்துவிட்டுத் தரையில் விழுந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

மலரை யாரும் விசாரணைக்கு அழைக்கவில்லை. பரீட்சை ரத்து என்று மட்டும் செய்தி வந்தது. நானே மேடத்துக்குப் போன் செய்து கெஞ்சினேன். விசாரணைக் குழு கலைந்துவிட்டது என்றார். மலர் அதன்பின் பரீட்சை எழுதவே இல்லை. "உன் சாமி பிசிடி" என்று ஒருமுறை சொன்னாள். கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை.

இன்று நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவர் யாராவது ஆன்லைன் தேர்வில் பிடிபட்டால், அவரிடம் பேசாமல் நான் எதுவும் முடிவு செய்வதில்லை. எனக்குக் கிடைத்த இரக்கத்தை வேறு எப்படித் திருப்பிக் கொடுப்பது?

நெருக்கடியில் இருக்கும் சகோதரியே, வாய்விட்டே கேள். சந்தேகத்தோடு கேட்டாலும் அவர் தள்ளிவிட மாட்டார், என்னைத் தள்ளவில்லை. மலருக்கான பதில் மட்டும் இன்னும் வரவில்லை. உங்கள் ஜெபத்தில் அவள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.