செல்வி அறுத்துக் காட்டிய தவளை முட்டை

செல்வி இறந்துபோன செய்தியை அவள் தங்கை ராணிதான் கொண்டுவந்தாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் அடுப்படி வாசலில் நின்று, "அக்கா எந்திரிக்கவே மாட்டேங்குறாக்கா" என்றாள். அம்மா உரித்துக்கொண்டிருந்த மரவள்ளிக்கிழங்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

அவளோடு படித்த உங்களில் பலர் கிள்ளான் பக்கம் போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரர்கள் வந்து பள்ளியை மூடிய பிறகும் செல்வி உயிரியலை விடவில்லை. மழை விட்டதும் சாக்கடையோரம் தவளை முட்டைகளை அள்ளிவந்து பால்டின்னில் வளர்த்தாள். சிலவற்றை வெந்நீரில் இறுகவைத்து, சவர பிளேடால் இரண்டாக அறுத்தாள். அவள் அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அவர் கடிகாரம் பழுதுபார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடி வழியே என்னைப் பார்க்கச் சொன்னாள். கடுகளவு உருண்டை ஒரு பக்கம் உள்ளே மடிந்து, குழிவாகத் தெரிந்தது.

"இதான்டி ஆதிக்குடல். கண்ணு, இதயம் எல்லாம் இதுக்கப்புறம்தான்."

"அப்ப இந்த ஓட்டைதான் வாயா?"

"இல்ல, பின்பக்கம். வாய் அந்தப் பக்கத்துல பிறகு திறக்கும்."

"ச்சீ!"

"என்ன ச்சீ? வாய் வர்றதுக்கு முன்னயே வயிறு வந்துடுது. ஜப்பான்காரன்கிட்ட போய்ச் சொல்லு லா, அரிசி குடுப்பான்."

சிரித்தோம். அன்று இருவரும் கிழங்கைத் தவிர வேறெதுவும் தின்றிருக்கவில்லை.

போன மாதம் அவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தாயில்லாத வீடு. அம்மா அடைகாத்த கோழியின் அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துப்போய் உடைத்தார். மஞ்சள் கருவின்மேல் சிவப்பு இழைகள் ஓடியிருந்தன.

"கரு பிடிச்சிருச்சே" என்று அம்மா கையை உதறினார்.

செல்வி எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தாள். "இதயம் துடிக்குது பாருங்க, அத்தை" என்றாள். பிறகு, "பரவாயில்ல, பொரிச்சு ராணிக்குக் குடுங்க. நான் இப்பதான் கஞ்சி குடிச்சேன்."

கஞ்சிப் பானை கழுவிக் கவிழ்த்தபடி காய்ந்து கிடந்தது. அம்மா கெஞ்சிப் பார்த்தார். ராணி நம்பிவிட்டாள்; அத்தனையையும் தின்றாள்.

ராணி இப்போது எங்களோடு இருக்கிறாள். செல்வியிடமிருந்து எனக்கு மிஞ்சியவள் இவள்தான். தட்டை வைத்தால் கை வைப்பதில்லை. நான் சாப்பிட்டுவிட்டேன் என்றாலும் நம்புவதில்லை.

"என் முன்னாடி சாப்பிடுங்கக்கா" என்கிறாள்.

நான் விழுங்குவதைப் பார்த்த பிறகே வாயைத் திறக்கிறாள்.