எர்த் சரியில்லை என்றேன்

பென்டிரைவில் இருக்கும் லினக்ஸ் கிளம்பும்போதே செத்து விழுந்தால், அதைச் செருகிய கம்ப்யூட்டருக்குள் இருப்பதெல்லாம் கூடவே செத்துவிடும் என்று நம்பியவன் நான். அதுவும் ஐம்பதைத் தொடப்போகிற வயதில், சொந்தக்காரர்களிடம் 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்' என்று வாங்கின பேரோடு.

விழுப்புரத்தில் இருக்கும் என் தங்கச்சி, மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விவசாயத்தைப் பற்றி ஆராய்ச்சி. அதன் கடைசி அத்தியாயம் அவள் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது, வேறெங்கும் நகல் இல்லை. அந்த வாரமே கொடுத்தாக வேண்டும். அப்போது பார்த்து விண்டோஸ் கிளம்பாமல் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது.

"இதுக்குப் போய் அழுவியா? பென்டிரைவ்ல லினக்ஸ் போட்டு எடுத்துக்கினு வர்றேன். விண்டோஸுக்குப் பதிலா அதுல கிளப்பி, உன் ஃபைல வெளியே தூக்கிடலாம்" என்று போனில் அளந்துவிட்டு, திண்டிவனத்தில் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டில் செருகினேன். பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிற கூட்டம் மாதிரி கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, சட்டென்று நின்றன. கடைசி வரியில் 'கெர்னல் பேனிக்'. லினக்ஸின் மையமே இனி நம்மால் ஆகாது என்று கையை விரித்துவிட்டது என்று அர்த்தம். கேப்ஸ் லாக் விளக்கு வேறு விட்டு விட்டு மின்னியது. பென்டிரைவை வேறு துளையில் மாற்றிப் பார்த்தேன். அதே வரி, அதே மின்னல். அத்தியாயத்தைக் கொன்றுவிட்டேன் என்று முடிவு கட்டினேன்.

"இன்னா அண்ணா, இப்படி வேர்க்குது?"

"ஃபேன் சரியா சுத்தல."

"அஞ்சுலதான் சுத்துது."

டீ கொண்டுவந்த அவள் வீட்டுக்காரரைப் பார்த்ததும் வாயில் பொய் தானாக வந்தது. "உங்க வீட்ல எர்த் சரியில்ல மாப்ள. அதான் மிஷின் ஒதைக்குது."

"லேப்டாப்பு பேட்டரியிலதானே ஓடுது மச்சான்?"

"பேட்டரிக்கு வானத்துலேர்ந்தா சார்ஜ் ஏறுது?"

"அதுவும் சரிதான்" என்றார், பாவம். வேறு பென்டிரைவ் வாங்கி வருவதாகச் சொல்லி, செருகியிருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடைக்குப் போகவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். வழியில் தங்கச்சி இரண்டு முறை கூப்பிட்டாள். போனைத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்து, அதே பென்டிரைவை என் கம்ப்யூட்டரில் செருகினேன். அதே கெர்னல் பேனிக். இதற்கும் தொற்றிக்கொண்டதே என்று தலையில் கை வைத்தேன்.

"இன்னாங்க, எழவு வீட்ல குந்தின மாதிரி குந்திக்கினு இருக்கீங்க?" என்றபடி மனைவி உள்ளே வந்தாள். அவள் பார்ப்பதற்குள் பென்டிரைவைப் பிடுங்கி ஒளித்துவிட்டு, பட்டனைத் தட்டினேன். கம்ப்யூட்டர் வழக்கம்போல வந்து நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே பென்டிரைவால் விழுந்தன. அதை எடுத்ததும் என்னுடையது எழுந்துவிட்டது. அப்படியென்றால் கோளாறு எங்கே? இதை யோசிக்காமல்தான் ஊர்விட்டு ஊர் ஓடிவந்திருக்கிறேன். பென்டிரைவில் லினக்ஸை மறுபடி ஏற்றி, முழுசாக முடியும்வரை உட்கார்ந்திருந்து, என் கம்ப்யூட்டரிலேயே கிளப்பிப் பார்த்தேன். கிளம்பியது. திரும்ப விழுப்புரம்.

அங்கே ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே சுவர் பிளந்திருந்தது. எலக்ட்ரீஷியன் சிமெண்ட் பூசிக்கொண்டிருக்க, தலையெல்லாம் தூசியோடு மாப்பிள்ளை டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னபடி புது எர்த் ஒயரே இழுத்தாச்சு மச்சான்."

தங்கச்சி முகம் வீங்கியிருந்தது. பென்டிரைவைச் செருகினேன். லினக்ஸ் வந்தது. அத்தியாயம் இருந்தது. இரண்டு இடத்தில் நகல் எடுத்துக் கொடுத்தேன்.

"பாத்தியா, எர்த் மாத்தினதும் வந்துடுச்சு!" என்று மாப்பிள்ளை குதித்தார். எலக்ட்ரீஷியன் பெருமையாகத் தலையாட்டினார். தங்கச்சி மட்டும் என்னையே பார்த்தாள்.

எலக்ட்ரீஷியனையும் வைத்துக்கொண்டே சொன்னேன். காலையில் பஸ் போய்விடுமே என்று, லினக்ஸ் ஏறி முடிவதற்குள் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். பாதிதான் ஏறியிருந்தது. அது லேப்டாப்புக்குள் எதையும் தொடவே இல்லை. வீட்டு எர்த்தில் ஒரு குறையும் இல்லை.