அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே குளிகை

பனச்சமூடு சந்தையைத் தாண்டும்போதெல்லாம் ரதீஷுக்கு அந்த மாடி ஜிம் நினைவுக்கு வரும். இப்போது அங்கே துணிக்கடை. இருபதுகளில் அவன் உலகமே அதுதான். இரும்பும் வியர்வையும் கலந்த வாடை, தகரக் கூரையில் மழை, பாட்டையும் மீறிக் கேட்கும் பயிற்சியாளன் அனூபின் அதட்டல். வீட்டில் மூத்த அக்கா ஸ்ரீகுமாரி அவனுக்காகப் பானை நிறைய முட்டை அவிப்பாள். வெள்ளை அவனுக்கு, மஞ்சள் மற்ற எல்லாருக்கும். அவள் பிள்ளைகள் மஞ்சளைக் கண்டாலே ஓடும்.

ஆணழகன் போட்டிக்காக அனூப் சொல்கேட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டான். தோள் விரிந்தது. கூடவே மார்க்காம்புக்கு அடியில் கட்டிபோல் வலித்தது. ஊசிமருந்து உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுகிறது, அதைத் தடுக்கத்தான் இது என்று அனூப் குளிகை தந்தான். மார்பு பெண்ணுக்குப்போல் ஆகிவிடுமோ என்ற பயத்தில் ரதீஷ் கணக்கில்லாமல் விழுங்கினான். வீக்கம் அடங்கியது. ஆனால் முழங்காலும் விரல்களும் பூட்டிக்கொண்டன. சிரிப்பு, ஆசை எல்லாம் வற்றின. மேடையில் இரண்டாம் பரிசு வாங்கியபோதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அக்காதான் நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஆணின் எலும்புக்கும் மூட்டுக்கும்கூட அந்த ஹார்மோன் கொஞ்சம் வேண்டும், நீ அடியோடு துடைத்துவிட்டாய் என்றார் டாக்டர். ஊசியும் குளிகையும் நின்றன. உடம்பு தேற வெகுநாளாயிற்று.

சென்ற ஆண்டு, ஐம்பதைத் தாண்டிய அக்காவுக்கு மார்பில் புற்று. அறுவைக்குப் பின் எழுதித் தந்த மருந்தை வாங்கப் போன ரதீஷ் கடையிலேயே திகைத்து நின்றான். அதே குளிகை.

சில மாதத்தில் அவளுக்குக் காலையில் விரல் மடங்கவில்லை. மச்சான் வேலாயுதன் வயசுக் கோளாறு என்று சொல்லிவிட்டார். ரதீஷ் அவள் விரல்களை மெல்ல நீவினான்.

"இது வயசுக் கோளாறு இல்ல அக்கா. குளிகையாக்கும். எனக்கும் இப்படித்தான் இருந்துது."

"அப்போ நிறுத்திரட்டா மக்கா?"

"வேண்டாம். எனக்கு அது வேண்டாத மருந்து. உனக்கு அந்த ஹார்மோன் புற்ற வளக்கும், அதத் தடுக்க வேண்டியதாக்கும். டாக்டரிட்ட சொல்லுவோம், நானும் வாறேன்."

டாக்டர் வேறு குளிகைக்கு மாற்றினார், தினமும் நடக்கவும் சொன்னார். வலி முழுதாகப் போகவில்லை, தாங்கும்படி ஆகியிருக்கிறது. காலையில் ரப்பர் தோட்டத்து வழியே இருவரும் நடக்கும்போது பேச்செல்லாம் அந்தக் காலம்தான். கண்ணாடி முன் கை முறுக்கி அவன் நின்ற நிற்பை அவள் நடித்துக் காட்டி, மூச்சுவாங்கச் சிரிக்கிறாள்.